ஓ.டி.க்கு இரண்டு பரோட்டா

மாரண்டஹள்ளி கடைவீதியில் வேலை எத்தனை மணிக்கு ஆரம்பம் என்று கேட்டால் எந்த முதலாளியும் டக்கென்று சொல்லிவிடுவார். எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பார். என் மாமாவின் மளிகைக்கடையில் ஷட்டர் பாதி இறங்கிய பிறகுதான் ஊருக்கே உப்பு தீர்ந்த ஞாபகம் வரும். குனிந்து தலையை மட்டும் உள்ளே நீட்டி, "ஒரே ஒரு சோப்பு" என்பார்கள். அந்த ஒரே ஒரு சோப்பு, ஐந்து கிலோ அரிசியில் போய் முடிவதற்குள் தர்மபுரியிலிருந்து லோடு வண்டி வந்து நிற்கும்.

இந்த நேரத்துக்கெல்லாம் மாமா கொடுத்துவந்த கூலி ஒரு டீ, இரண்டு பரோட்டா. பண்டிகைச் சமயத்தில் ஆம்லெட்டும் உண்டு. கடைக்குக் கணக்கு எழுதுகிற நான் அதை 'இதர செலவு' என்று எழுதிவைப்பேன்.

வினை ஓசூரிலிருந்து வந்தது. கடைப் பையனின் சித்தப்பா மகன் கம்பெனி பஸ் ஏறி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவன். அவன் சம்பளச் சீட்டில் ஓ.டி.க்கென்று தனி வரி இருக்கிறது. பையன் அதை செல்போனில் காட்டி, "அண்ணா, நமக்கு இதெல்லாம் இல்லீங்களா?" என்றான். மாமா உற்றுப் பார்த்துவிட்டு, "அங்க பரோட்டா தராங்களா, கேளு" என்றார்.

"நமக்கும் இருக்கு மாமா" என்றேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48. அதற்கு மேலும் வேலை வாங்கலாம், ஓ.டி.யும் சேர்த்து நாளுக்கு 10, வாரத்துக்கு 54 தாண்டக்கூடாது. கூடுதல் நேரத்துக்குச் சம்பளம் இரண்டு மடங்கு. காலண்டர் அட்டையின் பின்பக்கம் போட்டுக் காட்டினேன்: மாதம் 13,000. 26 நாளால் வகுத்தால் 500. அதை 8ஆல் வகுத்தால் மணிக்கு ரூ. 62.50. இரட்டித்தால் 125.

62.50 வரை ஆடிக்கொண்டிருந்த மாமாவின் தலை 125இல் நின்றது. "எதுக்கு ரெண்டு மடங்கு? ராத்திரியானா அவனுக்கு நாலு கை முளைக்குதா? கடையில ஒண்ணுமே நிக்கறதில்ல, தெரியுமில்ல? சரி, அவன் ரீல்ஸ் பாக்கற நேரத்தைக் கழி."

"அப்ப உங்க வீட்டுக்கு சிலிண்டர் தூக்கிட்டுப் போனதைக் கூட்டுங்கண்ணா" என்றான் பையன். கழித்தலை மாமா அத்தோடு கைவிட்டார்.

2023 ஏப்ரலில் சட்டசபையில் 12 மணி நேர வேலை மசோதா நிறைவேறியபோது மாமா கடையில் எல்லோருக்கும் டீ சொன்னவர். அது தொழிற்சாலைகளுக்கு, வாரத்துக்கு அதே 48 மணிதான், நாலு நாளில் வேலை முடிந்துவிடும் என்று அமைச்சர்கள் சொன்ன பின்பாதி அவர் காதில் ஏறவில்லை. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று முதலமைச்சர் மசோதாவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். குடித்த டீயை யாரும் திருப்பித் தரவில்லை.

இரண்டு மடங்கு என்பது தொழிலாளியைப் பணக்காரனாக்க வைத்ததல்ல, முதலாளியைக் கடிகாரம் பார்க்கவைக்க வைத்தது என்பது என் கட்சி. பரோட்டா கணக்கு இருந்தவரை மாமாவுக்கு இரவு ஒன்பதும் ஒன்றுதான், பத்தும் ஒன்றுதான். நிமிஷத்துக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் ஆகிறது என்று தெரிந்த மறுநாளே லோடு வண்டி மத்தியானம் வந்தது. தலையை நீட்டுகிறவர்களிடம் "காலையில வாங்க" என்கிறார். ஊரில் யாரும் உப்பில்லாமல் சாப்பிட்டதாகத் தகவல் இல்லை.

இப்போது பையன் நேரத்தோடு போய்விடுகிறான். மாமா தனியாக உட்கார்ந்து கல்லாவை எண்ணுகிறார். ஒருநாள் கேட்டார்: "ஏன் மாப்ள, எனக்கு யாரு ஓ.டி. தருவாங்க?"

"சட்டப்படி வாங்கற சம்பளத்துல ரெண்டு மடங்கு மாமா. கடையில ஒண்ணுமே நிக்கறதில்லன்னு நீங்கதான் சொல்றீங்க. சைபரை ரெண்டால பெருக்கிக்குங்க."