டீப்பாயியல்: பழையதா புதியதா என்னும் பெருஞ்சிக்கல்

ஆய்வு நோக்கமும் எல்லையும்

தொட்டிலுக்குத் தாலாட்டு உண்டு. ஊஞ்சலுக்குக் கல்யாணத்தில் தனிச் சடங்கும் பாட்டும் உண்டு. கட்டிலுக்கும் பீரோவுக்கும் சீர்வரிசைப் பட்டியலில் நிரந்தர இடம் உண்டு. சோபாவுக்கு முன்னால் நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் டீப்பாய்க்கு மட்டும் இலக்கியமும் இல்லை, இலக்கணமும் இல்லை. இக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

முதலில் வரையறை. சோபாவில் அமர்ந்தவர் எழாமலே கையால் தொடக்கூடியதும், இருட்டில் நடப்பவர் விரும்பாமலே காலால் தொடக்கூடியதுமான மேசை டீப்பாய் எனப்படும். சாப்பாட்டு மேசை முதல் நிபந்தனையில் தோற்றுவிடும். முக்காலி இரண்டாவதில் தப்பித்துவிடும், ஏனெனில் பரணில் எதையோ எடுக்க அதை யாராவது தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள். மேலே கண்ணாடி போட்டு உள்ளே மீன் வளர்க்கும் வகை ஒன்றும் சந்தையில் உண்டு. அதை மீன்வளத் துறைக்கு விட்டுவிடுகிறோம்.

முதன்மைச் சான்றுகள்: உற்றார் உறவினர் வீட்டுக் கூடங்கள். துணைமைச் சான்று: இவ்வாய்வாளரின் வலது கணைக்கால்.

பழமை குறித்து

பழைய டீப்பாய்தான் வேண்டும் என்று புறப்படுவோர் அறிந்துகொள்ள வேண்டிய முதற்செய்தி, பழைய டீப்பாய் என்ற ஒன்று ஏறக்குறைய இல்லை என்பது. நம் வீடுகளில் பாயும் ஜமக்காளமும் மணையும் இருந்தன. தரையில் சம்மணமிட்டு அமர்ந்தவருக்குத் தரையே மேசை. கணக்குப்பிள்ளைக்கு மட்டும் மேற்பலகை சரிந்த குட்டை மேசை ஒன்று உண்டு. அந்தச் சரிவில் காபி டம்ளரை வைத்தால் கணக்கு அழியும். 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் வீட்டில் டீப்பாய் என்ற பெயரில் நின்றது, ஒற்றைக் காலின் மேல் நிறுத்திய தேயிலைப் பெட்டி. தேயிலை விலை உயர்ந்த சரக்காக இருந்த நாளில் பிறந்த பொருள் என்பதால் அதற்குப் பூட்டும் இருக்கும். சோபாவை ஒட்டி அவர்கள் போட்டிருந்த மேசைகளோ சாப்பாட்டு மேசை உயரம். சோபாவின் முன்னே முழங்காலுக்குக் கீழே நிற்கும் மேசை வீடுதோறும் பரவியது 20ஆம் நூற்றாண்டில்தான்.

விதிவிலக்குகளை மறைப்பது ஆய்வு நெறியன்று. ராஜஸ்தான், குஜராத் பக்கம் பாஜோட் என்றொரு குட்டைப் பலகை மேசை உண்டு; தரையில் அமர்ந்து உண்பவரின் தட்டு அதன்மேல் இருக்கும், பூஜைக்கும் ஆகும். காஷ்மீரத்து வால்நட் மரத்தில் செதுக்கிய மடக்கு மேசைகளும் உண்டு. இவ்விரண்டையும் கழித்துவிட்டால், "200 வருஷத்து டீப்பாய்" என்று கடையில் காட்டப்படுவது கால் வெட்டப்பட்ட மேசையாக இருக்கும், அல்லது கால் முளைத்த கதவாக இருக்கும்.

கால் முளைத்த கதவுகளின் தலைநகரம் காரைக்குடி. அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக உள்ளன. பர்மாவில் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் கப்பலில் கொண்டுவந்த தேக்கு, செட்டிநாட்டு வீடுகளில் தூணாகவும் நிலையாகவும் கதவாகவும் நின்றது. வாரிசுகள் பெருகி, வீட்டுக்குள் ஆள் குறைந்து, ஒவ்வொன்றாகப் பிரிக்கப்பட்டபோது அவையெல்லாம் இந்தத் தெருவுக்கு வந்தன. எனாமல் தூக்குச்சட்டிக்கும் ரவிவர்மா படத்துக்கும் நடுவே, ஒரு காலத்தில் யாரையெல்லாமோ வாசலிலேயே நிறுத்திவைத்த கதவொன்று, இன்று படுத்தவாக்கில் விலை போகிறது.

இங்கே கடைக்காரரே உரையாசிரியர். அவர் தரும் உரை மூன்று படிகளில் அமையும். பொழிப்புரை: "ஒரிஜினல் பர்மாத் தேக்கு சார்." விளக்கவுரை: "பெரிய வீட்டுச் சாமான், பங்காளி வழக்குல வெளிய வந்தது." சிறப்புரை விலையைப் பற்றியது, அதைக் கால்குலேட்டரில் தட்டி, வாய் திறவாமல் காட்டுவார். பதவுரை கேட்டால் மட்டும் சற்று எரிச்சல்படுவார். "இந்தக் கால் எந்த மரம், அண்ணாச்சி?" என்பது பதவுரைக் கேள்வி.

எனவே மூலபாட ஆய்வு அவசியமாகிறது. சுவடி பதிப்பித்தவர்கள் கைக்கொண்ட முறையே இங்கும் செல்லும்: எது மூலம், எது இடைச்செருகல், எது பிற்சேர்க்கை என்று பிரிக்க வேண்டும். மேற்பலகை மூலமாக இருக்கும். இழுப்பறை பெரும்பாலும் வேறொரு பீரோவிலிருந்து வந்த இடைச்செருகல். கால்கள் போன மாதத்துப் பிற்சேர்க்கை. இதைக் கண்டறிய மேசையைக் கவிழ்த்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் பாலிஷ் போடுகிறவர் அடிப்புறத்தை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. பிறைபிறையாக வளைந்த ரம்பத் தடம் இருந்தால் அந்தப் பலகை வட்ட ரம்பத்தில் அறுபட்டது. கையால் அறுத்த மரத்தில் தடம் நேர்க்கோடாக, ஆனால் ஒழுங்கின்றி இருக்கும். மூலைப் பொருத்துகள் எல்லாம் ஒரே அளவாக இருந்தால் இயந்திரம். ஒன்று தடித்து ஒன்று மெலிந்து இருந்தால் ஆசாரியின் கை. திருகாணியின் நுனியையும் பார்க்கலாம். கூர்நுனித் திருகாணி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் பெருவழக்காயிற்று. 200 வருஷத்து மேசையில் கூர்நுனி தென்பட்டால் ஒன்று திருகாணி பிற்காலத்தது, இல்லாவிட்டால் மேசையே பிற்காலத்தது. நட்சத்திரத் தலைத் திருகாணி தென்பட்டால் ஆய்வை அங்கேயே முடித்துக்கொண்டு டீ குடிக்கப் போகலாம்.

இத்துறையில் எனக்கு மிகப் பிடித்த சோதனை வட்ட மேசைக்குரியது. மரம் காயக் காய, ரேகைக்குக் குறுக்கே சுருங்கும்; ரேகை ஓடும் திசையில் சுருக்கம் ஏதுமில்லை என்றே சொல்லலாம். ஆகவே பல பத்தாண்டு கண்ட வட்ட மேசை வட்டமாக இராது. டேப்பை ரேகையோடு ஒருமுறையும் ரேகைக்குக் குறுக்கே ஒருமுறையும் பிடித்தால் இரண்டு அளவுக்கும் சிறு வேறுபாடு இருக்க வேண்டும். பிசகே இல்லாத வட்டம் என்று கடைக்காரர் பெருமைப்பட்டால் உரையில் பிழை இருக்கிறது.

சட்டத்தையும் தொட்டுச் செல்ல வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த பொருள் தொல்பொருள் கணக்கில் சேரும்; தனியார் அதை நாட்டைவிட்டு அனுப்ப முடியாது. உரையாசிரியர் சொன்ன வயது உண்மையானால் துபாய்க்கு வேலை மாற்றலாகிப் போகும் மாப்பிள்ளை அந்த டீப்பாயை இங்கேயே விட்டுத்தான் போக வேண்டும். இதன் மறுபக்கத்தைச் சண்டிகரில் காணலாம். 1950களில் லெ கொர்பூசியே அந்நகரை வடிவமைத்தபோது, அலுவலகங்களுக்கும் விடுதிகளுக்கும் வேண்டிய தேக்கு நாற்காலிகளையும் மேசைகளையும் உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் அவருடைய உறவினர் பியேர் ஜான்னரே. கால் ஆடத் தொடங்கியதும் இலாகாக்கள் அவற்றைக் கழிவுச் சாமானாக ஏலத்தில் தள்ளின. பிறகு அவை ஐரோப்பிய ஏல மேடைகளில் லட்சக்கணக்கில் விலை போயின. 2011இல் மத்திய உள்துறை விற்பனைக்குத் தடை விதித்தும் முழுமையாக நிறுத்த முடியவில்லை. 100 வயது நிரம்பாததால் மேற்படிச் சட்டம் அவற்றின் பக்கம் திரும்பாது. அரசு அலுவலகத்துக் கழிவுச் சாமான் அறையைக் கடக்கும்போது மரியாதையோடு கடப்பது நலம்.

மாட்டுவண்டிச் சக்கரத்தைப் படுக்கவைத்துக் கண்ணாடி போட்ட டீப்பாய் பற்றி ஒரு சொல். குடம் நடுவில் துருத்தி நிற்கும், ஆகவே கண்ணாடியை அதற்கும் மேலே தூக்கி நிறுத்த வேண்டும். ஆரக்கால்களுக்கு நடுவே விழும் வேர்க்கடலையை எடுக்க எறும்பைத் தவிர யாராலும் ஆகாது. வாங்க வேண்டாம்.

புதுமை குறித்து

புதிய டீப்பாய்களின் குலமுதல்வர்களில் ஒருவர் இசாமு நோகுச்சி. அவர் சிற்பி, தந்தை ஜப்பானியர், தாய் அமெரிக்கர். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத் தலைவருக்காக 1939இல் ஒரு மேசை செய்தார். பின்னர் ராப்ஸ்ஜான் கிப்பிங்ஸ் என்ற வடிவமைப்பாளர் கேட்டுக்கொள்ள, இன்னொரு மேசைக்குச் சிறு மாதிரி செய்து கொடுத்தார். போர்க்காலத்தில், அரிசோனாவில் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்துவைத்திருந்த முகாமுக்குத் தாமாகவே சென்று தங்கியிருந்தபோது, தம் மாதிரியின் சாயலில் ஒரு மேசை கிப்பிங்ஸின் பெயரில் விளம்பரமாகியிருப்பதைப் பார்த்தார். திரும்பி வந்து கேட்டதற்கு, மூன்று கால் மேசையை யார் வேண்டுமானாலும் செய்யலாமே என்று பதில் வந்ததாக நோகுச்சியே எழுதிவைத்திருக்கிறார். அந்தக் கோபத்தில் செய்த மேசையை ஹெர்மன் மில்லர் நிறுவனம் 1947இல் வெளியிட்டது. ஒரே வடிவில் இரண்டு மரத்துண்டுகள், ஒன்று தலைகீழாக. மேலே வளைவான விளிம்புடைய தடித்த கண்ணாடி. ஆணி கிடையாது, கண்ணாடி தன் எடையிலேயே நிற்கும். டீப்பாய் வரலாற்றில் வன்மம் ஆற்றிய பங்கு தனியே ஆராயத்தக்கது. இன்று அதே மேசையின் சாயலை யார் யாரோ செய்து விற்கிறார்கள். யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்றவர் வாக்கு பலித்துவிட்டது.

நம் ஊர்க் கடையில் கிடைக்கும் புதுமை பெரும்பாலும் மரத்தூளால் ஆனது. மரத்தூளையும் பசையையும் சேர்த்து அழுத்திய பலகை, மேலே மரரேகை அச்சிட்ட தாள், கூடவே எல் வடிவச் சாவி ஒன்று. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். ஆனால் தினமும் ஈரத்துணி போட்டுத் தரை துடைக்கும் நாட்டில், தண்ணீர் பட்டால் ஊதிப்போகும் காலை வைத்து ஒரு பொருளை விற்பது துணிச்சல். முதலில் மூலைகள் உப்பும். பிறகு தாள் உரியும். ஒருமுறை பிடுங்கிய திருகாணி அதே ஓட்டையில் பழைய பிடிப்போடு இறங்காது. ஆகவே வாடகை வீடு மாறுகிறவர் அந்த எல் வடிவச் சாவியைப் பத்திரப்படுத்துவதில் பொருளில்லை.

கண்ணாடி என்றால் பதப்படுத்திய கண்ணாடியாகவே கேட்டு வாங்க வேண்டும். 600 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சட்டென்று குளிர்விப்பதால் அது சாதாரணக் கண்ணாடியைப் போல நான்கைந்து மடங்கு தாங்கும். உடைந்தாலும் கத்திபோல் பிளக்காமல் கற்கண்டுத் துண்டுகளாக உதிரும். அதன் பலவீனம் விளிம்பில். நடுவில் ஒரு குழந்தை ஏறி நின்றாலும் பொறுத்துக்கொள்கிற தகடு, ஓரத்தில் இட்லிக்கரண்டி தவறி விழுந்து நொறுங்கிவிடக்கூடும்.

கணைக்கால் கோட்பாடு

அளவு பற்றி வடிவமைப்புக் கையேடுகள் ஏறத்தாழ ஒரே குரலில் பேசுகின்றன. உயரம் சோபா இருக்கையோடு சமம், அல்லது ஓரிரு அங்குலம் தாழ்வு. அதாவது 16 முதல் 18 அங்குலம். நீளம் சோபாவில் மூன்றில் இரண்டு பங்கு. சோபாவுக்கும் மேசைக்கும் இடைவெளி 14 முதல் 18 அங்குலம். இதை 10 அடி அகலக் கூடத்தில் பொருத்திப் பார்ப்போம். சோபா 3 அடி, டிவி அலமாரி ஒன்றரை, டீப்பாய் 2. இந்தப் பக்கம் ஒன்றரை அடி விட்டால் அந்தப் பக்கம் 2 அடி மிஞ்சும். காகிதத்தில் கணக்குச் சரி. சாயங்காலம் சித்தப்பா வந்து, அவருக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டதும் கையேடுகள் அனைத்தும் காலாவதியாகும். ஆகவே வாங்கும் முன் டீப்பாயின் அளவுக்குச் செய்தித்தாளைத் தரையில் ஒட்டிச் சில நாள் அதைச் சுற்றி நடந்து பார்ப்பது உத்தமம். தாளை எத்தனை பேர் மிதிக்கிறார்களோ அத்தனை பேருக்கும் அடி நிச்சயம்.

விளிம்புதான் இதில் உயிர்நாடி. கணைக்கால் எலும்பின் முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது, தாங்கிக்கொள்ள அங்கே சதை இல்லை. கூர்மூலைச் செவ்வக மேசையும் அந்த எலும்பும் ஒரே கூடத்தில் வாழ முடியாது. கணைக்கால் இரும்பொறை என்ற சேர மன்னனின் பெயர்க்காரணத்தை ஆராய்வோர் இக்கோணத்தையும் கருத்தில் கொள்ளலாம்.

அடுத்து வட்டக் கறை. சூடான பாத்திரத்தின் ஈரம் அரக்குப் பாலிஷுக்குள் புகுந்து சிக்கிக்கொள்ளும்போது வெள்ளை வளையம் தோன்றுகிறது. தமிழர்கள் இதற்கு முன்கூட்டியே மாற்று கண்டிருந்தார்கள்: டபரா. காபியை ஆற்றுவதற்கும் மேசையைக் காப்பதற்கும் ஒரே பாத்திரம். கைப்பிடிக் கோப்பை வீட்டுக்குள் வந்தது, டபரா போனது, வளையம் வந்தது. பிறகு வளையத்தை மறைக்கக் குரோஷா துணி, துணியில் கறை படாமல் இருக்க பிளாஸ்டிக் விரிப்பு, விரிப்பு பறக்காமல் இருக்கப் பூச்சாடி, சாடியைக் குழந்தை தள்ளாமல் இருக்க மேசையை மூலைக்கு நகர்த்தல். பர்மாத் தேக்கு வாங்கியவர் வீட்டிலும் மரத்தூள் பலகை வாங்கியவர் வீட்டிலும் இறுதியில் கண்ணுக்குத் தெரிவது ரோஜாப்பூ போட்ட அதே பிளாஸ்டிக் விரிப்புதான்.

என் துணிபு இது: பழையதும் வேண்டாம், புதியதும் வேண்டாம். இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் இடைக்காலம் உண்டு. 1960களிலிருந்து 80கள் வரை, வீடு கட்டி முடித்தபோது மிஞ்சிய நிலை மரத்தில் ஆசாரி திண்ணையிலேயே உட்கார்ந்து செய்து கொடுத்தவை. கால்கள் வெளிப்பக்கம் லேசாக விரிந்திருக்கும், மூலைகள் உருண்டிருக்கும், மேலே சன்மைக்கா ஒட்டியிருக்கும். அதனால் வளையம் விழாது, ஈரத்துணியும் ஒன்றும் செய்யாது. தடுக்கிய கால்களுக்கும் பெரிய சேதமில்லை. யார் பெயரும் இல்லாததால் ஏலத்துக்கும் போகாது, வயது போதாததால் சட்டத்துக்கும் அஞ்ச வேண்டாம். பெரியப்பா வீட்டு மாடியில் துணிமூட்டையைச் சுமந்துகொண்டு ஒன்று நிற்கும், கேட்டால் கொடுத்துவிடுவார்கள். சீக்கிரம் கேட்க வேண்டும். காரைக்குடியில் அதற்கும் உரை எழுதத் தொடங்கிவிட்டால் எட்டாது.

மேலாய்வுக் களங்கள்

டீப்பாயின் கீழ்த்தட்டு இவ்வாய்வில் இடம்பெறவில்லை. அதன் அடுக்குகள் தனி அகழாய்வைக் கோருவன. மேலடுக்கில் இந்த வாரத்துப் பேப்பரும் மின்கட்டண ரசீதும் கிடைக்கின்றன. அதற்குக் கீழே மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள். சிலவற்றில் மணமக்களின் பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள். அதற்கும் கீழே ரிமோட்டின் பழைய பேட்டரி, மூடி தொலைந்த பேனா, வீட்டில் இல்லாத மிக்ஸியின் உத்தரவாத அட்டை. தீபாவளிக்கு வீடு ஒழிக்கும் முன்பே இப்பணியைத் தொடங்க வேண்டும். தாமதித்தால் சான்றுகள் மொத்தமும் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போய்விடும்.