அக்கா பையன் சொன்ன லில்லிபாண்ட்

கேள்வி: பியானோ நோட்ஸ் அச்சிட லில்லிபாண்ட் மென்பொருளை சோர்ஸ் கோடிலிருந்து கம்பைல் செய்து போடச் சொல்கிறான் அக்கா பையன். செய்யலாமா?

பதில்: அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் தாராளமாக. ஊருக்குக் கிளம்பிவிட்டான் என்றால் யோசியுங்கள்.

1996-இல் இரண்டு டச்சுக்காரர்கள் ஆரம்பித்தது இது. கையால் செதுக்கி அச்சிட்ட பழைய இசைத்தாளின் அழகு கம்ப்யூட்டரில் வரவில்லையே என்ற ஆதங்கம் அவர்களுக்கு. ஆதங்கப்பட்டது அவர்கள், அவதிப்படப் போவது நீங்கள்! 'கன்ஃபிகர்' என்று தட்டியதுமே கல்யாணச் சாமான் லிஸ்ட் மாதிரி நீட்டும்: பைசன், ஃப்ளெக்ஸ், கைல், ஃபான்ட்ஃபோர்ஜ், மெட்டாபோஸ்ட்... பாட்டுக்கு இத்தனை எதற்கு என்கிறீர்களா? ஸ்வரத்தின் தலை, கிளெஃபின் சுழி எல்லாமே அங்கே படமாக இல்லை, நிரலாக இருக்கின்றன. கம்பைல் ஆகும்போதுதான் எழுத்துருவாகின்றன. அந்த எழுத்துருவுக்கு எம்மென்டாலர் என்று பெயர். ஓட்டை ஓட்டையாக இருக்குமே, அந்த சுவிஸ் சீஸ்தான்.

பிறகு 'மேக்', 'மேக் இன்ஸ்டால்'. தப்பித்தவறி 'மேக் டாக்' என்று தட்டிவிடாதீர்கள். கையேட்டில் உள்ள அத்தனை இசைத்துணுக்கையும் ஒவ்வொன்றாக அச்சுக்கோக்க உட்கார்ந்துவிடும். நீங்கள் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வரலாம்.

உள்ளே கைவைத்துத் திருத்தும் எண்ணம் இல்லையென்றால் இந்தப் பாடே வேண்டாம். ரெடிமேடாகவே இலவசமாகத் தருகிறார்கள், விரித்தால் ஓடும். ஆனால் திறந்ததும் ஐந்து கோடு தெரியும், மவுஸால் ஸ்வரம் வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். எல்லாம் டைப் அடிக்க வேண்டும். மவுஸ்தான் வேண்டுமென்றால் மியூஸ்ஸ்கோர் இருக்கிறது. அதையும் கம்பைல் செய்யலாம் என்று அக்கா பையனிடம் சொல்லிவிடாதீர்கள்.