சயாமுக்குப் போனவரும் ஷா ஆலம் நடனமும்

என் பாட்டிக்கு ஜப்பானிய மொழியில் எண்ணத் தெரியும். இச்சி, நி, சான் என்று பத்து வரை தடுமாறாமல் சொல்வார். 1942 ஜனவரி 11ஆம் தேதி கோலாலம்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தபோது அவர் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் சிறுமி. தோட்டப் பள்ளிப் பிள்ளைகளைக் காலையில் வரிசையாக நிறுத்தி, சக்கரவர்த்தி இருக்கும் திசை நோக்கிக் குனிய வைப்பார்களாம். பிறகு பாட்டு. பிறகு உடற்பயிற்சி. தோக்கியோ நேரப்படி ஊர்க் கடிகாரங்களை ஒன்றரை மணி முன்னே தள்ளிவிட்டதால் ஏழரை மணிக்கும் விடிந்திருக்காது. இருட்டில் கைகாலை ஆட்டியதைப் பாட்டி கடைசிவரை மறக்கவில்லை.

இன்று என் மகள் அதே எண்களைச் சொல்லிக் கையை உயர்த்தி இறக்குகிறாள். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து நடந்து, கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி, ஷா ஆலத்தில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறாள். அங்கே வேலை தொடங்குமுன் எல்லாரும் உடற்பயிற்சி செய்ய வேண்டும். 1928இல் ஜப்பான் வானொலியில் தொடங்கிய பழக்கம் அது. இப்போதும் அந்நாட்டுப் பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் நடக்கிறது. மேலாளரும் கூட நின்று செய்கிறார் என்று மகள் வியப்போடு சொன்னாள். 1982இல் அன்றைய பிரதமர் டாக்டர் மகாதீர் ‘கிழக்கை நோக்கும் கொள்கை’யை அறிவித்தபின் நம் பிள்ளைகள் பலர் ஜப்பானுக்கே போய்ப் படித்து வந்தார்கள். பாட்டியை அடித்துக் குனிய வைத்த திசைக்கு, பேரப்பிள்ளைகள் உபகாரச் சம்பளத்தோடு விமானம் ஏறினார்கள்.

குனிவதைப் பற்றி மகளிடம்தான் நான் ஒழுங்காகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆண்கள் கைகளைப் பக்கவாட்டில் ஒட்டி வைத்துக்கொள்வார்கள், பெண்கள் முன்னால் சேர்த்துக்கொள்வார்கள். எதிரே வருபவருக்கு லேசாக, வாடிக்கையாளருக்கு இன்னும் தாழ்வாக, மன்னிப்புக் கேட்கும்போது முதுகு நேராக இருக்க, இடுப்பிலிருந்து நன்றாகத் தாழ்ந்து. இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு: பொதுவாக ஒருவர் குனிந்தால் மற்றவரும் குனிய வேண்டும். வயதும் பதவியும் எவ்வளவு தாழ்வாக என்பதை மாற்றும். “காவல்காரன் முன்னால குனியலேன்னா பளார்னு ஒண்ணு விழும், குனிஞ்சாலும் அவன் மரம் மாதிரி நிப்பான்” என்பார் பாட்டி. அவருக்குக் கற்பிக்கப்பட்டது ஜப்பானிய மரியாதையே அல்ல, அதன் பாதியைப் பிடுங்கிவிட்டுக் கொடுத்த அவமானம். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

பாட்டியின் அண்ணன் சயாமுக்குப் போனவர். நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் லாரியில் ஏற்றினார்களாம். சயாம் என்ற தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளம். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் போனார்கள். காலரா, மலேரியா, பட்டினி, அடி. காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர் பெயரோடு உறங்குகிறார்கள். நம்மவர்களைக் குழிகளில் கொட்டி மூடினார்கள். அந்த அண்ணன் எந்த நாளில், எந்தப் பாலத்தருகே செத்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. செத்த திதி தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசை. ஒவ்வோர் ஆண்டும் குடும்பத்தோடு மோரிப் கடற்கரைக்குப் போய்ப் பாட்டி எள்ளும் தண்ணீரும் விடுவார். 1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை திரும்பி வந்து இறங்கிய கரைகளில் அதுவும் ஒன்று. போர் முடிந்து சயாமிலிருந்து தோட்டத்துக்குத் திரும்பியவர்களின் முகங்களைப் பாட்டி ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார்.

ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில்தான் ஷா ஆலத்தில் ‘போன் ஒடோரி’ என்ற ஜப்பானிய நடன விழா நடக்கிறது. போன் என்பது ஜப்பானியர் முன்னோரை வீட்டுக்கு அழைக்கும் நாட்கள். கல்லறையைக் கழுவி, வாசலில் விளக்கேற்றி, பிடித்த பண்டங்களைப் படைத்து, சில நாள் கழித்து மறுபடி விளக்கோடு வழியனுப்புவார்கள். புத்தரின் சீடர் மொக்கல்லானர் பசியில் தவித்த தம் தாயின் ஆவியைக் கரையேற்றிய கதைதான் இதற்கு வேர். கிள்ளானில் நம் சீன அண்டை வீட்டார் ஏழாம் மாதத்தில் பசித்த ஆவிகளுக்குப் படைப்பதும் அதே கதையோடு சேர்ந்ததே. மலேசியாவில் 1977இல், வேலைக்கு வந்த ஜப்பானியர்களின் பிள்ளைகள் சொந்த ஊர் வழக்கத்தை மறந்துவிடாமல் இருக்க ஆரம்பித்த விழா, இன்று எல்லா இனத்தாரும் யுகாத்தா உடுத்திக்கொண்டு வரும் கூட்டமாகிவிட்டது.

மகள் என்னை அழைத்துப் போனாள். நடுவில் உயர்ந்த மேடை, அதன்மேல் பெரிய தைக்கோ மேளம், சுற்றிலும் வட்டம் வட்டமாக ஜனம். நம் கும்மியைப் போலவே யார் வேண்டுமானாலும் நுழைந்து ஆடலாம். ‘தாங்கோ புஷி’ என்ற பாட்டு வந்தது. கியூஷு தீவின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் பாட்டு. மண்வெட்டியால் இரண்டு முறை தோண்டு, தோளுக்குமேல் வீசு, நெற்றியில் கைவைத்து நிலாவைப் பார், வண்டியைத் தள்ளு. இவைதாம் அடவுகள். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தோண்டினார்கள், தள்ளினார்கள். அவர்களில் என் மகளும் ஒருத்தி. சயாமில் மண் வெட்டிக் கூடை சுமந்தவருக்கு அவள் கொள்ளுப்பேத்தி முறை. எனக்குக் கோபம் வரவில்லை. உழைத்துச் செத்தவர்களை உழைப்பின் அசைவாலேயே நினைக்கும் ஒரு சமூகத்தின் மேல் மதிப்புத்தான் வந்தது. அந்தச் சுரங்கத் தொழிலாளிகளும் நம் ஆட்களைப் போல இடுப்பொடியப் பாடுபட்டவர்கள்தாமே.

2022இல் இந்த விழாவில் மதக்கூறு இருக்கிறது, முஸ்லிம்கள் போகக்கூடாது என்று ஓர் அமைச்சர் சொல்ல, நாடே விவாதித்தது. சிலாங்கூர் சுல்தான் நடத்தச் சொன்னார். ஏறத்தாழ 50,000 பேர் திரண்டார்கள். அது வழிபாடா கலையா என்றே எல்லாரும் பேசினார்கள். செத்தவர்களுக்கான விழா இது என்ற பிறகும், சயாமில் செத்தவர்களைப் பற்றிய பேச்சை யாரும் எடுக்கவில்லை. எடுக்க வேண்டும். ‘தாங்கோ புஷி’ தொடங்குமுன் மேடையிலிருந்து ஓர் அறிவிப்புப் போதும்: இந்தச் சிலாங்கூர் தோட்டங்களிலிருந்து சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களுக்காகவும் இந்த ஆட்டம். மலாயிலும் ஜப்பானிய மொழியிலும் தமிழிலும் சொல்லட்டும். தமிழில் வாசிக்க ஆள் வேண்டுமென்றால், ஷா ஆலத்திலேயே வேலை பார்க்கும் என் மகள் இருக்கிறாள்.