பானெட்டைத் தூக்குங்க, தம்பி

பழைய கார் வாங்கலாமா என்று ஒரு வீட்டில் பேச்சு எழுந்தால் போதும், அண்ணனுக்குத் தகவல் போய்விடும். யார் சொன்னார்கள் என்பது அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது. மறுநாள் காலை ஸ்ப்ளெண்டரை வாசலில் நிறுத்திவிட்டு, "வண்டி எடுக்கறீங்களாமா? நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?" என்று உரிமையோடு உள்ளே வருவார். கோயம்புத்தூரில் தெருவுக்கு ஒரு அண்ணன் இப்படி உண்டு. சில தெருக்களில் இரண்டு பேர். அங்கே அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இருக்காது.

அண்ணனிடம் கார் கிடையாது. இது முக்கியம். ஒரு காலத்தில் மாருதி 800 வைத்திருந்தார். சில வருஷம் ஓட்டிவிட்டு, வாங்கின விலைக்கே விற்றார். அந்த ஒரு விற்பனையை வைத்துத்தான் இத்தனை காலமாகப் பேசிக்கொண்டிருக்கிறார். அதற்கப்புறம் ஏன் வேறு கார் வாங்கவில்லை என்றால், அவர் கண்ணுக்குத் தேறுகிற கார் இன்னும் சந்தைக்கு வரவில்லை.

சட்டைப் பையில் மூன்று சாமான்கள்: மூக்குக்கண்ணாடி, பேனா டார்ச், கர்சீப்பில் சுற்றிய ஒரு காந்தம். காந்தம் என்றால் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிற பிள்ளையார். கதவிலும் ஃபெண்டரிலும் பிள்ளையாரை வைத்துப் பார்ப்பார். ஒட்டிக்கொண்டால் ஒரிஜினல் தகரம். வழுக்கி விழுந்தால் உள்ளே பட்டி பார்த்து பெயின்ட் அடித்திருக்கிறார்கள். விழுகிற பிள்ளையாரைத் தரையில் படாமல் பிடிப்பதில் அவருக்குத் தனிப் பழக்கம்.

பழைய கார் விற்கிற கன்சல்டிங்குக்குப் போகும் வழியிலேயே பாதி வண்டிகள் கழிந்துவிடும். சென்னை வண்டி வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனை நாள் முழுகிக் கிடந்ததோ. அதற்குப் பிந்திய மாடல்தான் என்று சொல்லிப் பாருங்கள், 2023 மிக்ஜாமை எடுத்துப் போடுவார். டி.என். 43 என்றால் நீலகிரி, மலையேறிக் கிளட்ச் தேய்ந்திருக்கும். தூத்துக்குடி வண்டியை உப்புக் காற்று தின்றிருக்கும். கேரள வண்டி மழையில் ஊறினது, என்.ஓ.சி. வாங்கி, இங்கே டாக்ஸ் கட்டி, நம்பர் மாற்றி, அதற்குள் நமக்கு வயசாகிவிடும். வக்கீல் வண்டி, போலீஸ்காரர் வண்டி ஆகவே ஆகாது. நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் அவர்களிடம் போய் யார் நியாயம் கேட்பது? நம்பரின் கூட்டுத்தொகை எட்டு வந்தால் வண்டியைத் திரும்பியும் பார்க்க மாட்டார். சரி, உள்ளூர் வண்டி, ஒரே ஓனர், அதிகம் ஓடாதது என்றால்? "நிறுத்தியே வெச்ச வண்டி தம்பி. டயர், பேட்டரி, புஷ் எல்லாம் செத்திருக்கும்."

டாக்டர் வண்டி என்று சொன்னால் மட்டும் முகம் மலரும். டாக்டர்கள் காரை அப்படி என்ன பொத்திப் பொத்தி ஓட்டுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் தெரு டாக்டர் அவர் வீட்டு கேட்டையே இடித்தவர். ஆனால் கன்சல்டிங்குகளில் நிற்கிற டாக்டர் வண்டிகளை எண்ணிப் பார்த்தால், தமிழ்நாட்டில் நோயாளிகளைவிட டாக்டர்கள்தான் அதிகம் என்று தோன்றும்.

இதெல்லாம் ரத்தத்தில் வந்தது. இவருடைய தாத்தா கருங்கல்பாளையம் மாட்டுச்சந்தைக்கு ஊராருக்குத் துணையாகப் போனவராக இருக்க வேண்டும். பல்லைப் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிய கை அது. பேரனுக்குப் பல்லுக்குப் பதில் டயர், சுழிக்குப் பதில் நம்பர் பிளேட்.

கேலி ஒருபக்கம் இருக்கட்டும், மனுஷர் ஒன்றும் தெரியாதவர் இல்லை. எங்கள் தெரு ஆசிரியர் ஒருவருக்காகப் போன இடத்தில் அதைப் பார்த்தேன். 2016 மாடல் ஸ்விஃப்ட், வெள்ளை, மீட்டரில் 41,000. கன்சல்டிங்காரர் சாவியை நீட்டினார். அண்ணன் வாங்கவில்லை. முதலில் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தார். சூடு. "நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வெச்சிருக்கீங்களாட்ட இருக்குது?" காலையில் சூடேறாத வண்டியை ஸ்டார்ட் செய்தால்தான் இஞ்சின் இருமுவது தெரியும் என்பது அவர் கட்சி. அப்புறம் டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, டார்ச் அடித்து, டயரில் இருந்த நாலு இலக்கத்தைச் சத்தமாகப் படித்தார்: "இருபத்திமூணு பத்தொம்போது. 2019-ல இருபத்திமூணாவது வாரம் செஞ்ச டயரு. அப்ப வண்டியோட வந்த செட்டு தேஞ்சு போயி மாத்தியிருக்குது. இந்த செட்டும் வழுக்கையாயிருச்சு. ரெண்டு செட்டு டயரு தேயற வண்டிக்கு நாப்பத்தோராயிரமா தம்பி?"

கன்சல்டிங்காரர் வானத்தைப் பார்த்தார்.

அண்ணன் அதோடு விடவில்லை. பிரேக் பெடல் ரப்பரைத் தடவிக் காட்டினார், கோடுகளே இல்லை. ஸ்டியரிங் எண்ணெய் பூசினதுபோல் பளபளத்தது. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்து, அடியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பார்த்தார். அது மட்டும் சுத்தம். ஆசிரியர் கம்பெனி சர்வீஸில் தெரிந்தவரிடம் நம்பரைச் சொல்லி விசாரித்தார். 2021-லேயே 78,000-க்கு சர்வீஸ் பதிவாகியிருந்தது. மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள். அன்று முழுக்க அண்ணன் காலர் கீழே இறங்கவில்லை.

வண்டியை வேண்டாம் என்பதில் அண்ணனுக்குத் தோல்வியே கிடையாது. வேண்டாம் என்ற வண்டி அப்புறம் யாரிடமோ நன்றாக ஓடினாலும் நம் காதுக்குச் செய்தி வராது. வாங்கு என்று சொன்னால்தான் வம்பு. கண்ணாடி இறக்க முடியாமல் போனாலும், சேலம் பைபாஸில் ராத்திரி பதினோரு மணிக்கு வண்டி நின்றாலும், போன் அவருக்குத்தான் வரும். ஆகவே "எடுத்துக்கங்க" என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து வாங்குவது பெரும்பாடு. அதைச் சுலபமாக வாங்கத் தெரிந்தவர் ஒருவர்தான். அவரும் கன்சல்டிங் வைத்திருப்பவர்தான், ஆனால் அனுபவஸ்தர்.

இவர் வாங்க வந்தவரைக் கண்டுகொள்ளவே மாட்டார். பைக்கிலிருந்து இறங்குகிற தோரணையிலேயே யார் அண்ணன் என்று பிடித்துவிடுவார். "வாங்கண்ணா! அண்ணனுக்கு சர்க்கரை கம்மியா ஒரு டீ சொல்றா." அடுத்து, "நான் என்னங்ணா சொல்றது, உங்களுக்குத் தெரியாததா? நீங்களே பாருங்க" என்று தள்ளி நின்றுகொள்வார். நல்ல வண்டிதான். ஆனால் அதில் அண்ணன் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு குறை விட்டு வைத்திருப்பார். கிழிந்த வைப்பர், பின்கதவில் ஒரு கீறல், டிக்கியில் லேசாக ஆடுகிற ஒரு பிளாஸ்டிக். எல்லாம் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாய் சமாசாரம். விலையில் பதினைந்தாயிரம் ஏற்றியிருப்பார். அண்ணன் கீறலைக் கண்டுபிடிப்பார், கன்சல்டிங்காரர் நெற்றியில் அடித்துக்கொள்வார், "அண்ணன் கண்ணுல படாம எதுவும் தப்பாதே!" என்பார். பத்தாயிரம் குறையும். மூன்று தரப்பும் ஜெயித்தாயிற்று.

அப்படித்தான் ஆசிரியருக்கு 4,15,000-க்கு ஒரு வண்டி முடிவானது. அண்ணன் தன் வேலை முடிந்தது என்று டிக்கியில் ஜாக்கி, ஸ்பேனர் எல்லாம் இருக்கிறதா என்று எண்ணப் போய்விட்டார். தகரத்தை டொக் டொக்கென்று தட்டத் தெரிந்த அளவு அவருக்குக் காகிதம் பார்க்கத் தெரியாது. ஆர்.சி.யை எட்டப் பிடித்து, "எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அந்த ஆர்.சி.யை ஆசிரியரின் மனைவி கையில் வாங்கினார். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்ப்பவர். அதுவரை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, இதுல பேங்க் பேர் இருக்குது. ஹெச்.பி. கேன்சல் பண்ணியாச்சுங்களா?"

"லோன் எல்லாம் எப்பவோ முடிஞ்சுதுங்க அக்கா."

"முடிஞ்சிருக்கும்ங்க. பேங்க் என்.ஓ.சி.யும் ஃபாரம் 35-ம் குடுத்துருங்க. அப்புறம் இந்த 29, 30-ல கையெழுத்துப் போட்டிருக்கறது யாருங்க? ஆர்.சி.யில வேற பேர் இருக்குது."

கன்சல்டிங்காரருக்கு டீ புரையேறியது. ஆர்.சி.யில் இருந்தவர் வேறு ஒருவருக்கு விற்று, அவர் பேர் மாற்றாமலே இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார். இது பழைய பழக்கம்தான். பல கை மாறிய ஒரு கார் விபத்துக்குள்ளான வழக்கில், ஆர்.டி.ஓ. பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், நஷ்ட ஈட்டுக்கும் அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விஷயம் காதில் விழுந்திருந்தால் அந்த முதல் ஓனர் நடுராத்திரியில் எழுந்து வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். இரண்டு நாளில் அவரைப் பிடித்துக் கூட்டி வந்தார்கள்.

பணம் கட்டும் நாள் இன்னும் ரசமானது. "ஒண்ணரை அக்கவுண்ட்ல போட்டுருங்க, மீதியக் கையில குடுத்துருங்க. கேஷா இருந்தா இன்னும் அஞ்சு குறைச்சுக்கறேன்" என்றார் கன்சல்டிங்காரர். அண்ணன் கண்ணில் அந்த ஐந்தாயிரம் மின்னியது.

"ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ கையில வாங்கினா, வாங்கறவங்களுக்குத்தான் அபராதம்ங்க, வாங்கின தொகை அளவுக்கே" என்றார் அம்மையார், மிகுந்த பரிவோடு. "2017-லயிருந்து சட்டம். உங்களுக்கு எதுக்குங்க அந்த வம்பு?"

முழுத் தொகையும் வங்கி வழியே போனது. அதிலும் இருபத்தைந்தாயிரம் ரூபாய், ஆர்.சி.யில் பேர் மாறின பிறகுதான் என்று எழுதி வாங்கிக்கொண்டார். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் போடச் சொன்னார். காலையில் எவனாவது எங்காவது இடித்திருந்தால் அது நம் தலையில் விழக்கூடாது அல்லவா? இன்சூரன்ஸ் பேர் மாற்ற 14 நாள்தான் கெடு என்பதைப் புருஷனுக்குச் சொன்னார். அன்றும் டிக்கியை எண்ணப் போயிருந்த அண்ணன் ஜாக்கியோடு திரும்பி வந்து, "எல்லா சாமானும் இருக்குது" என்று அறிக்கை கொடுத்தார்.

கன்சல்டிங்காரர் அவர் சட்டைப் பையில் இரண்டு ஐந்நூறு நோட்டைச் செருகப் பார்த்தார். அண்ணன் எடுத்துத் திருப்பி வைத்துவிட்டார். "நாம அந்த மாதிரி ஆளு இல்லீங்." இதை இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது நிஜம். இன்னொரு டீ மட்டும் குடித்தார்.

முதல் சவாரி மருதமலைக்கு. முன்சீட்டில் அண்ணன், வண்டிக்குப் பாதிப் பணம் போட்ட அம்மையார் பின்சீட்டில், பூவும் பழமும் மடியில். "செகண்டு போடுங்க, கிளட்ச் மேல கால் வெக்காதீங்க, இந்த வளைவுல ஹார்ன்" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் திடீரென்று கையைத் தூக்கினார். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். பின்னாலிருந்து உருட்டலாக ஒரு சத்தம் வந்தது.

"கேக்குதா? நான் அன்னைக்கே நெனச்சேன். பின்பக்கம் புஷ்ஷு போயிருச்சு."

"அது டிக்கியில தேங்கா உருளுதுங்ணா" என்றார் அம்மையார்.

அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை. "அதைத்தான் நானும் சொல்றேன். சஸ்பென்ஷன் சரியா இருந்தா தேங்கா எதுக்கு உருளுது?"