ஒற்றைப் பொத்தான் உத்தமர்

சென்னை, கோவை போன்ற நகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில், மூன்றாவது படுக்கையறையைத் திரையரங்காக மாற்றிக்கொண்டு வாழும் ஒரு வகை மனிதர் உண்டு. விருந்தினர் தங்குவதற்கென்று வாங்கிய அந்த அறையில் இப்போது புரொஜெக்டரும், ஒலியைப் பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்தனுப்பும் ஏவிஆர் என்னும் பெட்டியும், அடர்நிறத் திரைச்சீலைகளும் குடியேறிவிட்டபடியால், விருந்தினர்கள் ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறார்கள். இவரைச் சினிமா ரசிகர் என்று வகைப்படுத்துவது மேலோட்டமான முடிவாகும். படம் தொடங்குமுன் விளக்குகள் மெல்ல மங்கி அடங்கும் அந்த நான்கைந்து விநாடிகளே இவருடைய கலை என்பதும், அதன்பின் திரையில் ஓடுவது எதுவாயினும் இவருக்குச் சம்மதமே என்பதும் அருகிலிருந்து நோக்குவோர்க்குப் புலனாகும்.

இவருடைய செங்கோல் யுனிவர்சல் ரிமோட் ஆகும். பல கருவிகளின் ரிமோட், பொத்தானை அழுத்தியதும், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் விநாடிக்கு 38,000 முறை என்னும் கணக்கில் துடிக்கவிட்டு, அத்துடிப்புகளின் தொகுப்பாகத் தன் கட்டளையை அனுப்புகிறது. பல ரிமோட்டுகளின் கட்டளைகளை மனப்பாடம் செய்துகொண்டு, அவற்றை வேண்டிய வரிசையில் ஒப்பிக்கும் ஒரே ரிமோட்தான் யுனிவர்சல் ரிமோட் எனப்படுகிறது. இவ்வாறு ஒரு பொத்தானுக்குள் பல கட்டளைகளை அடுக்கி வைப்பதற்கு மேக்ரோ என்று பெயர். ஆப்பிள் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் 1987-இல் இத்தகைய ரிமோட் ஒன்றை உருவாக்கி விற்றார் என்னும் வரலாற்றை, அறைக்குள் முதன்முறையாக நுழையும் எவருக்கும், அவர் ஃபேன் சுவிட்ச் எங்கே என்று கேட்பதற்குள், நம்மவர் சொல்லி முடித்துவிடுவார். லாஜிடெக் நிறுவனம் ஹார்மனி வகை ரிமோட்டுகளின் உற்பத்தியை 2021-இல் நிறுத்தியபோது, செகண்ட் ஹேண்டில் இன்னொன்றைத் தேடிப் பிடித்து, பீரோவில் நகைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டியவர்களும் இவ்வினத்தில் உண்டு.

விளக்கை மங்கச் செய்யும் டிம்மர் என்னும் சாதனத்தைப் பற்றிய இவருடைய ஞானம் வியக்கத்தக்கது. நம் வீடுகளுக்கு வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 அரையலைகள் இருப்பதால், ஒவ்வோர் அரையலையிலும் ஒரு பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் விளக்குக்கு விடுவதே டிம்மரின் வேலை. பழைய குண்டு பல்பு இந்த வெட்டைப் பொறுத்துக்கொண்டு அமைதியாக மங்கியது. எல்இடி பல்போ, தனக்குள் ஒரு டிரைவர் சுற்றை வைத்திருப்பதால், பொருந்தாத டிம்மரோடு சேர்க்கப்பட்டால் சிமிட்டவும் ரீங்கரிக்கவும் தொடங்குகிறது. ஆகவே அலையின் முன்பகுதியை வெட்டும் வகையா, பின்பகுதியை வெட்டும் வகையா என்று இவர் எலெக்ட்ரீஷியனுக்கு வகுப்பெடுப்பார். அளவுமானியில் ஒளி 10 சதவீதமாகக் குறைந்தாலும் கண்ணுக்கு அது ஏறத்தாழ 32 சதவீதமாகவே தெரியும் என்னும் வர்க்கமூலக் கணக்கையும் அதோடு சேர்த்து விளக்குவார். ஏணியின் உச்சியில், ஃபால்ஸ் சீலிங் ஓட்டைக்குள் ஒரு கையை விட்டபடி அனைத்தையும் கேட்டு முடித்த எலெக்ட்ரீஷியன், "சார், லைட்டு எரியணுமா, எரிய வேணாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க" என்பார். நியூயார்க்கில் ஜோயல் ஸ்பைரா தம் வீட்டின் ஓர் அறையில் ஆய்வு செய்தே 1959-இல் வீட்டுக்கேற்ற சிறிய டிம்மரைக் கண்டுபிடித்தார் என்பது, படுக்கையறையை ஆக்கிரமித்த குற்றச்சாட்டு எழும்போதெல்லாம் மனைவியிடம் இவர் எடுத்துக்காட்டும் முன்னுதாரணம்.

இவர் வகுத்துள்ள ஒளிநிலைகள் பல. விளம்பரத்துக்கு 30 சதவீதம், டைட்டிலுக்கு 10, படத்துக்குச் சுழியம் என்பவை உலகெங்கும் உள்ளவையே. இடைவேளைக்கென்று தனிப் பொத்தான் வைப்பது இம்மண்ணின் பங்களிப்பாகும். ஆங்கிலப் படத்தை எடுத்தவர்களுக்கு இடைவேளை என்ற எண்ணமே இல்லாதிருக்க, நம்மவர் ஓட்டத்தின் நடுப்பகுதியைக் கணக்கிட்டு அப்பொத்தானை அழுத்துவார்; துப்பாக்கி நீட்டியவனும் நீட்டப்பட்டவனும் உறைந்து நிற்க, சுவரோர விளக்குகள் 40 சதவீதத்துக்கு எழும்பும். அந்நேரத்தில் வெங்காய பஜ்ஜி வந்து சேர வேண்டும் என்பது மட்டும் எந்த மேக்ரோவிலும் அடங்காத கட்டளையாக இருப்பதால், அது குரல் வழியாகச் சமையலறைக்கு அனுப்பப்படுகிறது, பதில் வருவதில்லை.

இக்கட்டமைப்பின் வீழ்ச்சி பெரும்பாலும் இரண்டு காரணங்களால் நிகழ்கிறது. முதலாவது, பல கருவிகளில் 'ஆன்' செய்வதற்கும் 'ஆஃப்' செய்வதற்கும் ஒரே கட்டளை இருப்பது. புரொஜெக்டர் ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தால் மேக்ரோ அதை அணைத்துவிடும். கட்டளைகள் போய்ச் சேருமுன் ரிமோட்டுக்குக் குறுக்கே ஒரு குழந்தை ஓடிவிட்டால் ஒன்று எரிந்து மற்றொன்று அணைந்து, எது எந்நிலையில் உள்ளதென்று ரிமோட்டுக்கே தெரியாமற் போகும். இரண்டாவது காரணம் அவருடைய தாயார். மாலையில் விளக்கேற்றிவிட்டு அவ்வழியே வருபவர், "வெளக்கு வைக்கிற நேரத்துல இருட்டுல என்னடா உக்காந்திருக்கே" என்று கேட்டபடி ட்யூப்லைட்டைப் போடுவதோடு நில்லாமல், போகும்போது கரண்ட் வீணாகிறதே என்று போர்டிலுள்ள எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டுப் போவார். மின்சாரமே இல்லாத டிம்மரை நோக்கி மகன் செங்கோலை நீட்டி நீட்டி அழுத்துவதைச் சுவர் கண்டுகொள்வதில்லை.

வீட்டார் சிரமப்படக் கூடாது என்பதற்காகவே எல்லாவற்றையும் ஒரே பொத்தானில் அடக்கியதாக இவர் மனமாரச் சொல்வார். ஆனால் இவர் அலுவலகத்தில் இருக்கும் வேளையில் அப்பொத்தானை அழுத்திய மனைவியிடமிருந்து, "ஏங்க, லைட்டெல்லாம் அணைஞ்சுது, படம் வரல" என்று தொலைபேசி வரும், "பதறாதே, புரொஜெக்டர்ல எரியுற சின்ன லைட்டு ஆரஞ்சா, பச்சையா?" என்று இவர் மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து மருத்துவருக்குரிய நிதானத்துடன் வினவுவார். இரண்டொரு முறைக்குப் பின் வீட்டார், "நீங்க இருக்கும்போதே போட்டுக்கலாம்" என்று சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். அதை அவர் தம்மீது கொண்ட பாசம் என்றே கணக்கில் எழுதிக்கொள்கிறார். காட்டிப் பெருமைப்படவென்று அழைக்கப்படும் நண்பர்களோ ஒவ்வொரு படத்திலும் முதல் பத்து நிமிடத்தையும், ஒலி அதிகமுள்ள ஒரு சண்டையையும், எட்டு வகை ஒளிநிலைகளையும் மட்டுமே கண்டு திரும்புகிறார்கள். அந்த வீட்டில் ஒரு படத்தை முடிவுவரை பார்ப்பவர்கள், அவர் லிஃப்டில் இறங்கியதும் ஹாலில் உள்ள பழைய டிவியைப் போட்டுக்கொண்டு உட்காரும் மாமியாரும் மருமகளும்தான்.