ஹேமந்த ருதுவில் தெற்கே பெயரும் தில்லித் தம்பதியர்: ஒரு விசாரணை

பறவைகள் வலசை போவதைக் குறித்துச் சாஸ்திரீயமாக எழுதப்பட்ட நூல்கள் அலமாரி அலமாரியாக அடுக்கப்பட்டிருக்க, அதே பருவத்தில், அதே சிரத்தையோடு, அவற்றைப் போலவே ஜோடி பிரியாமல் இடம் பெயர்கின்ற இன்னொரு ஜீவ வர்க்கத்தை, அதாவது மத்திய சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, துவாரகையிலோ மயூர் விஹாரிலோ ஜனக்புரியிலோ ஒரு ஃப்ளாட்டில் வசித்து, கார்த்திகை பிறந்ததும் சென்னைக்குப் புறப்பட்டுக் காரடையான் நோன்பை ஒட்டித் திரும்பி வருகின்ற தமிழ்த் தம்பதியரை, இதுவரை ஒருவரும் முறையாக ஆராயப் புகாதது நமது கல்வி உலகத்துக்கு அழகல்ல. வடதேசத்து வாத்துகளும் கடற்காகங்களும் குளிருக்குப் பயந்து யமுனையில் வந்து இறங்குகின்ற அந்த வாரங்களிலேதான் இவர்கள் குளிருக்குப் பயந்து தில்லியை விட்டுக் கிளம்புகிறார்கள். ரயில் ஓக்லாவைக் கடக்கும்போது இரு கட்சியாரும் ஒருவருக்கொருவர் எதிர்த்திசையில் செல்கிறார்கள் என்பதும், இருவரில் யாரோ ஒருவர் தப்பாகத்தான் கணக்குப் போட்டிருக்க வேண்டும் என்பதும் இவ்விசாரணைக்கு முதற்காரணங்கள்.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதென்று எண்ணுவதற்கில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் அரிசோனாப் பாலைவனத்தில் குவார்ட்சைட் என்றொரு சிற்றூர் உண்டு. கோடையில் ஈ காக்கை இல்லாத அவ்வூருக்கு, பனி கொட்டும் வட மாகாணங்களிலிருந்தும் கானடாவிலிருந்தும் ஓய்வு பெற்ற தம்பதியர் வீட்டுக்கே சக்கரம் பூட்டி ஓட்டிக்கொண்டு வந்து சேர, அந்நாட்டுச் சர்க்காரும் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பாலைவனத்தில் அவர்கள் தங்கிக்கொள்ள அனுமதிச் சீட்டு விற்கிறது. ஆனால் அவர்களிலும் ஒன்டாரியோ மாகாணத்துப் பிரஜைகள், பன்னிரண்டு மாதத்தில் 153 நாளாவது சொந்த மாகாணத்தில் இருந்தால்தான் சர்க்கார் வைத்தியச் சலுகை நிலைக்கும் என்பதால், வெயிலில் சாய்நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே விரல் விட்டு நாள் எண்ண வேண்டியிருக்கிறது. நம்மவர் வீட்டுக்குச் சக்கரம் பூட்டுவதில்லை. அதற்குப் பதிலாகத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இருக்கிறது. நாள் எண்ணுவது மட்டும் இரு தேசத்துக்கும் பொது.

இலக்கியச் சான்று தேடுவோர் வெகு தூரம் போக வேண்டியதில்லை. சத்திமுத்தப் புலவர் மதுரையில் வாடைக் காற்றில் போர்த்த வஸ்திரமின்றி நடுங்கிக்கொண்டு, வானத்தில் பறந்த ஒரு நாரையைக் கூப்பிட்டுத் தம் மனைவிக்குச் சேதி சொல்லியனுப்பிய பாட்டை நாமெல்லோரும் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டிருக்கிறோம். உரையாசிரியர்கள் புலவரின் வறுமையிலேயே கவனம் செலுத்திவிட்டபடியால், அந்த நாரை தனியாக வரவில்லை, மனைவியோடு வந்திருந்தது, தென்குமரியில் தீர்த்தமாடிவிட்டு வடக்கே திரும்பிப் போகிற நிலையில் இருந்தது என்ற மூன்று விஷயங்களையும் உரிய முக்கியத்துவத்தோடு எடுத்துக் காட்டாமல் விட்டார்கள். தம்பதி சமேதராகத் தெற்கே வந்து, க்ஷேத்திராடனத்தையும் முடித்துக்கொண்டு, பருவம் பார்த்து வடக்கே திரும்பும் ஒரு ஜோடியைத் தமிழ்க் கவிதை அன்றே கண்டுகொண்டது என்பதும், அப்படிப்பட்டவர்களிடம் ஊரார் சாமான் கொடுத்தனுப்புவதும் சேதி சொல்லியனுப்புவதும் அன்றே தொடங்கிவிட்டது என்பதும் இதனால் பெறப்படும்.

சரித்திர பூர்வமாகப் பார்த்தால், தில்லி ஜனங்களைத் தெற்கே பெயர்த்த பெருமை 1327-ஆம் ஆண்டில் தலைநகரைத் தௌலதாபாதுக்கு மாற்றிய முகம்மது பின் துக்ளக்கைச் சேரும். அம்முயற்சி தோற்றதற்குப் பண்டிதர்கள் பல காரணங்கள் கூறுகிறார்கள். திரும்பி வருகிற தேதியை முன்கூட்டியே சொல்லாமல் கிளப்பியது ஒன்றே போதுமான காரணமென்பது நம் துணிபு. இதைவிட ரசமான விஷயம் ஆங்கில அரசாங்கத்தின் கதை. 1864 முதல் சிம்லாவைக் கோடைக்காலத் தலைநகராக்கிக்கொண்ட அந்தச் சர்க்கார், 1911 தர்பாரில் கல்கத்தாவைக் கைவிட்டுத் தில்லிக்கு வருவதாக அறிவித்த பிறகு, வருஷந்தோறும் வேனிற்காலம் முழுவதையும் மலையில் கழித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு மட்டும் தில்லிக்கு இறங்கி வந்தது. ஃபைல் கட்டுகளோடும் தட்டச்சு யந்திரங்களோடும் கூடவே இறங்கி வந்த குமாஸ்தாக்களில் சென்னை ராஜதானியைச் சேர்ந்தவர்கள் ஏராளம். ஆகவே குளிர்காலத்தை இதமாகக் கழிப்பதற்கென்றே ஏற்பட்ட தலைநகரம் தில்லி. அந்தக் குமாஸ்தாக்களின் பேரன்மார் இன்றைக்கு அதே குளிர்காலத்தைத் தாங்க மாட்டாமல் அங்கிருந்து தப்பி ஓடுகிறார்கள் என்பதைச் சரித்திரத்தின் விநோதங்களில் ஒன்றாகத்தான் வைக்க வேண்டும்.

இனிக் காரணத்துக்கு வருவோம். குளிர் தாங்கவில்லை என்பதே சம்பந்தப்பட்டவர்கள் அனைவரும் ஏகோபித்துக் கூறும் காரணம். தில்லிக் குளிர் பொய்யல்ல. 1967 ஜனவரி 11 அன்று பாலம் வானிலை நிலையத்தில் உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 2.2 டிகிரி இறங்கியது பதிவாகியிருக்கிறது. 2019 டிசம்பர் 30 அன்று நடுப்பகலிலேயே 9.4 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. இருந்தும் இக்கொள்கையை நாம் ஏற்பதற்கில்லை. ஏனென்றால், உத்தியோகத்திலிருந்த நாட்களில் இதே மனிதர் விடியற்காலைப் பனிமூட்டத்தில் ராமகிருஷ்ணபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் புறப்பட்டு, சட்டைக்குள் ஒரு செய்தித்தாளை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கிருஷி பவனத்துக்கோ ரயில் பவனத்துக்கோ நேரம் தவறாமல் போய்ச் சேர்ந்தவர். மாமியோ, குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும் தண்ணீரில் ஸ்நானம் செய்துவிட்டு மலைமந்திரில் மார்கழித் திருப்பாவைக்குப் போனவர். அக்காலத்தில் எலும்பைத் துளைக்காத குளிர், ஓய்வு உத்தரவில் கையெழுத்தான மறு வருஷமே துளைக்க ஆரம்பித்ததென்றால், காரணம் உஷ்ணமானியில் இல்லை.

மேலும், தில்லியில் மனுஷன் வாழத்தக்க பருவம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். சந்தையில் பச்சைப் பட்டாணியும் செக்கச் செவேலென்ற காரட்டும் கோபியும் மேத்தியும் மலிந்து கிடக்க, காலனிப் பூங்காவில் மத்தியான வெயிலில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, நிலக்கடலை உடைத்துத் தின்று, நாகபுரி ஆரஞ்சுத் தோலைக் கைக்குட்டையில் சேர்த்துக்கொண்டு, ஓய்வூதியக் கமிஷன்களை விமரிசிப்பதற்கு ஈடான போகம் பூலோகத்தில் வேறில்லை. அந்தப் போகத்தையும் விட்டு, சென்னையில் பட்டாணி கிலோ என்ன விலை என்று அறிந்திருந்தும், உரித்த பட்டாணியை உறவினருக்காகப் பையில் சுமந்துகொண்டு ஒருவர் போவாரானால், ஆராய்ச்சியாளன் சற்று நின்று யோசிக்கத்தான் வேண்டும். தீபாவளிக்குப் பின் கவிகிற புகை மண்டலம் அண்மைக் காலத்தில் இந்த யாத்திரைக்கு நல்ல நியாயம் கற்பித்திருக்கிறது. வைத்தியர்களும் இருமலைக் கேட்டு ஊருக்குப் போகச் சொல்கிறார்கள். அது மெய்யான காரணம்தான். ஆயினும் புகைக்கு முன்பே வலசை இருந்தது.

புறப்படும் தேதியை நிர்ணயிப்பது பஞ்சாங்கமன்று, ஜீவன சாட்சிப் பத்திரம். ஓய்வூதியம் பெறுபவர் தாம் உயிரோடிருப்பதை வருஷந்தோறும் நவம்பர் மாதத்தில் சர்க்காருக்கு நிரூபிக்க வேண்டும். எண்பது வயது கடந்தவருக்கு அக்டோபரிலேயே நிரூபித்துக்கொள்ளும் சலுகை உண்டு. 2014 முதல் இதற்கு யந்திர வழி ஏற்பட்டு, ஆரம்பத்தில் கைரேகையைக் கேட்ட சர்க்கார், ரேகை தேய்ந்த முதியவர்களை முன்னிட்டு இப்போது கைப்பேசியில் முகம் காட்டினாலே ஒப்புக்கொள்கிறது. சென்னையிலிருந்தே காட்டலாம், குவார்ட்சைட்டிலிருந்தும் காட்டலாம். ஆனால் நம்மவர் வங்கிக்கு நேரில் போய், வரிசையில் நின்று, மேஜைக்குப் பின்னாலிருக்கும் இளைஞன் தலை நிமிர்ந்து பார்த்துத் தாம் ஜீவித்திருப்பதை ஒப்புக்கொண்ட பிற்பாடுதான் ரயிலேறுவார்.

பிரயாணத்தின் முந்தின இரவு ஆராய்ச்சிக்குப் பெரிதும் உபயோகமானது. மாமி, முதல் நாளைக்கு மிளகாய்ப் பொடி தடவிய இட்லியையும் புளியோதரையையும் கட்டி முடித்து, இரண்டாம் நாளைக்கென்று சாதத்தைக் குழையப் பிசைந்து, பாலை நிறைய விட்டு, தயிரைப் பேருக்கு ஒரு சொட்டு மட்டும் விட்டு மூடுகிறார். ரயில் நாகபுரி தாண்டும்போது அது புளிக்காத தயிர் சாதமாகியிருக்கும். ரஜாய்கள் பாச்சை உருண்டையோடு டிரங்குப் பெட்டிக்குள் இறங்குகின்றன. பால்கனித் துளசி, தில்லிப் பனியில் கருகிவிடுமாதலால், எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மாளிடம், தினமும் தண்ணீர் விட வேண்டாம், ராத்திரி மட்டும் உள்ளே எடுத்து வைத்துவிடுங்கள் என்று ஹிந்தியில் மூன்று தரம் சொல்லி ஒப்படைக்கப்படுகிறது. டாக்ஸியில் ஏறி உட்கார்ந்ததும் நடக்கும் சம்பாஷணை எல்லா வீட்டிலும் ஒன்றே.

"ஏன்னா, மெயின் வால்வை மூடினேளா?"

"மூடியாச்சு."

"காஸ்?"

"அதுவும் மூடியாச்சு. ஏன், நீ பார்க்கலையா?"

"நான் பார்த்தேன். நீங்க பார்த்தேளான்னு கேக்கறேன்."

டாக்ஸி ஒரு தரம் திரும்பி வருவதும் உண்டு.

1929-இல் பெஷாவருக்கும் மங்களூருக்குமாக ஓடத் தொடங்கிய கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ்தான் நெடுங்காலம் இவ்வர்க்கத்தாரின் வாகனம். 1976-இல் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வந்த பின், 2,182 கிலோமீட்டரை ஏறக்குறைய ஒன்றரை நாளில் கடப்பது சாத்தியமாயிற்று. மூத்த குடிகளுக்கு ஆடவர்க்கு 40 சதவீதமும் பெண்டிர்க்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் நின்றுபோன அச்சலுகையைப் பற்றிய உரையாடல் ஆக்ராவில் ஆரம்பித்து விஜயவாடா வரை நீடிக்கவல்லது. விமானம் விரைவானதென்று பிள்ளைகள் சொன்னாலும் விமானத்தில் தயிர் சாதம் புளிப்பதற்கு அவகாசமில்லை.

சென்னை சேர்ந்த பின் இவர்கள் மூவகையாகப் பிரிகிறார்கள். உத்தியோக காலத்திலேயே கடன் வாங்கி நங்கநல்லூரிலோ மடிப்பாக்கத்திலோ வீடு கட்டி வைத்தவர்கள் உத்தமர். பிள்ளை வீட்டிலோ பெண் வீட்டிலோ இறங்குகிறவர்கள் மத்திமர், ஏனெனில் தொலைக்காட்சியின் ரிமோட் அவர்கள் வசம் இராது. மயிலாப்பூரில் மூன்று மாதத்துக்கு ஜாகை பிடிப்பவர்கள் சங்கீதப் பித்தர், அவர்களைத் தரம் பிரிப்பது நம் சக்திக்கு அப்பாற்பட்டது. 1928-இல் தோன்றிய மியூசிக் அகாடமி நடத்தி வரும் டிசம்பர் விழாவையும் அதைச் சுற்றிக் கிளைத்த சபாக்களையும் இவர்கள் அனுபவிக்கும் ஒழுங்கு கண்கொள்ளாக் காட்சி: காலையில் விளக்கவுரைக் கச்சேரி, மத்தியானம் கட்டணமில்லாத இளங்கலைஞர் கச்சேரி, இடையில் காண்டீன், எந்த சபாவில் எந்தச் சமையற்காரர் என்ற தகவல், எந்த மேடையில் எந்தப் பாடகர் என்ற தகவலுக்கு முன்னதாகவே சேகரிக்கப்படும்.

ஆனால் யாத்திரையின் உண்மைப் பிரயோஜனம் சபாவில் இல்லை, விடியற்காலையில் இருக்கிறது. மார்கழி மாதம் உஷ்ணமானி 22 டிகிரி காட்டும்போது, மயிலை நாகேசுவரராவ் பூங்காவில் நடக்க வருகின்ற சென்னைவாசி குரங்குக் குல்லாயும் மப்ளரும் அணிந்து, காதில் பஞ்சு வைத்து, வாயை மூடிக்கொண்டு வருவார். அவர்களுக்கிடையே அரைக்கைச் சட்டையோடு ஒரு மனிதர் மார்பை நிமிர்த்தி நடந்து, பெஞ்சில் உட்கார்ந்து, "இதெல்லாம் ஒரு குளிரா சார்? தில்லியிலே வந்து பாருங்கோ" என்று ஆரம்பிப்பார். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகத்தான் அவர் அத்தனை தூரம் வந்திருக்கிறார் என்பது நம் ஆராய்ச்சியின் முடிவு. நாற்பது வருஷம் தில்லியில் குடியிருந்து, பதர்பூர் முதல் புராரி வரை பஸ் ரூட் அறிந்து, காய்கறிக்காரனோடு அவன் பாஷையிலேயே பேரம் பேசியும், அந்த நகரத்தில் அவர் மதராசி. அதே மனிதர் சென்ட்ரல் ஸ்டேஷனில் காலை வைத்த க்ஷணத்திலே தில்லி மாமாவாகவும் தில்லித் தாத்தாவாகவும் மாறிவிடுகிறார். தில்லிக்காரர் என்ற பட்டத்தைத் தில்லி தராது. அதைப் பெற்றுக்கொள்ள வருஷம் ஒரு தரம் சென்னைக்குத்தான் வர வேண்டும். பட்டம் வாங்கிய கையோடு அங்கேயே தங்கிவிட்டாலோ, அது சாயம் போய்விடும்; அடுத்த மார்கழியில் அவரும் குல்லாய் போட வேண்டியிருக்கும். ஆகவே திரும்புவதும் கட்டாயம்.

மாசி பிற்பகுதியில் சென்னை புழுங்கத் தொடங்கவும், கட்டில் ஓரத்தில் மூட்டைகள் சேர்கின்றன. அப்பளம், வடாம், நார்த்தங்காய், அன்று அரைத்த காப்பிப் பொடி எல்லாம் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கிடைப்பவை என்பது மாமிக்குத் தெரியும். அவ்வுண்மையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. திரும்புகிற வண்டி ஜான்சியை நெருங்கும்போது, முழங்கால் வலியைச் சாட்சியாக வைத்து, "அடுத்த வருஷம் இந்த அலைச்சல் வேண்டாம்" என்று தம்பதியர் இருவரும் ஒருமனதாகத் தீர்மானிக்கிறார்கள். இத்தீர்மானம் தவறாமல் ஆண்டுதோறும் நிறைவேற்றப்படுவதால் இதை யாத்திரைச் சடங்குகளில் ஒன்றாகவே கொள்ள வேண்டும். துளசியை மீட்டு, வால்வைத் திறந்து, பூங்காவுக்குப் போய்ப் பஞ்சாபி நண்பர்களிடம் மதராஸ் சங்கீதத்தின் மகிமையை எடுத்துரைத்த பிறகு, அவர் ரயில்வே அட்டவணையைக் கையில் எடுக்கிறார். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டதில் அவருக்குக் கடுமையான ஆட்சேபம். கையிலிருந்து பிடுங்கப்பட்ட அந்த இரண்டு மாதத்தையும் தம்மைப் போன்றவர்கள் எதை எதிர்பார்த்துக் கழிப்பது என்று கேட்டு ரயில்வே போர்டுக்கு ஒரு விண்ணப்பம் தயாராகி வருகிறது. மூன்றாவது நகலில் மாமி திருத்தம் சொல்லிக்கொண்டிருக்கிறார்: கீழ்ப் படுக்கை இரண்டு என்பதையும் அதிலேயே சேர்த்துவிட வேண்டுமாம்.