பிறவிக் குணமா, அடைப்பா?

கேள்வி: என் பழைய புல்லட்டில் நெடும்பயணம் போனால், நிறுத்தும் இடமெல்லாம் ஆயில் கோலம். ஓட்டமும் திக்குகிறது. கேஸ்கெட் மாற்றியும் பலனில்லையே?

பதில்: கேஸ்கெட்டைக் கூண்டில் ஏற்றுமுன் ப்ரீதர் குழாயை விசாரியுங்கள். பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் கிராங்க்கேஸ் காற்று வெளியேற வேண்டும். அந்த வழி அடைத்துக்கொண்டால் அழுத்தம் ஏறி, நேற்று போட்ட கேஸ்கெட்டையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். ஒரே மூட்டில் கசிந்தால் அந்த மூட்டைச் சந்தேகிக்கலாம். நாலைந்து இடத்தில் ஒன்றாகக் கசிந்தால் அழுத்தம்தான் முதல் குற்றவாளி. ‘1955 முதல் சென்னைப் புல்லட்டுக்கு இது பிறவிக் குணம்’ என்பார்கள். பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் லேசாக வியர்க்கும், ஒப்புக்கொள்கிறேன். வியர்வைக்குத் தட்டு வைக்கத் தேவையில்லையே! திக்கல் தனி வழக்கு: கார்புரேட்டரைத் திருகுமுன் பாயிண்ட் இடைவெளி 0.35–0.40 மி.மீ. இருக்கிறதா, கார்புரேட்டர் சேரும் இடத்தில் கள்ளக்காற்று நுழைகிறதா என்று பாருங்கள்.